கோழி இல்லாத புத்தகம்

எங்கள் எதிர் வீட்டில் கீழே மூத்த மருமகளும் மாடியில் இளைய மருமகளும் குடியிருந்தார்கள். தெருவே அவர்களைப் பெரியவள், சின்னவள் என்றுதான் சொல்லும். நானும் அப்படியே சொல்லிவிடுகிறேன். ஓரகத்திகள் இருவரும் ஆறு வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்து ஒரு சண்டை கூடப் போடவில்லை என்றால் நம்ப மாட்டீர்கள். நானும்தான் நம்பவில்லை. ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து எத்தனையோ நாள் காது கொடுத்துப் பார்த்தேன், ஒன்றும் தேறவில்லை. ஏழாவது வருஷம் அந்த வீட்டுக்கு ஒரு கோழி வந்து சேர்ந்தது. உயிருள்ள கோழி கூட இல்லை. இரண்டு விரற்கடை உயரத்தில், வர்ணத்தில் வரைந்த கோழி.

பெரியவளுக்கு ஒரு மருந்து கம்பெனியில் வேலை. மாத்திரை டப்பாவைத் திறந்தால் உள்ளே எட்டாக மடித்த மெல்லிய தாள் ஒன்று இருக்குமே, அதை எழுதுகிறவள் அவள். எத்தனை வேளை சாப்பிட வேண்டும், சாப்பிட்டால் எங்கெங்கே அரிக்கும், அரித்தால் என்ன செய்ய வேண்டும் என்று எறும்பு எழுத்தில் அச்சாகும். பதின்மூன்று வருஷம் எழுதினாள். கோடிக்கணக்கில் அச்சான அந்த வாசகங்களை உலகத்தில் ஒரு ஜீவன் படித்ததாகத் தகவல் இல்லை. அவள் வீட்டுக்காரரே தலைவலி மாத்திரையை எடுத்துக்கொண்டு தாளைக் கசக்கிப் போடுவார், அவள் கண்ணெதிரே. என் வீட்டு மேஜைக்கால் ஆடியபோது நானும் அவள் எழுதியதைத்தான் பதினாறாக மடித்து முட்டுக் கொடுத்திருந்தேன். அதை அவளிடம் சொன்னதில்லை.

ஆகவே, தான் எழுதியதை யாராவது ஒருத்தர் ஆசையோடு கேட்க வேண்டும் என்ற ஏக்கம் அவளுக்கு எலும்புக்குள் இருந்தது. அந்த ஒருத்தர் தன் மகளாக இருந்தால் போதும் என்று நினைத்தாள். மகளுக்கு வயது நாலரை. பொடிசு என்று கூப்பிடுவார்கள். எழுத்து இன்னும் தெரியாது. வாய் மட்டும் வக்கீல் வாய்.

பொடிசுக்குக் காய்ச்சல் வந்து படுத்திருந்தபோது பெரியவள் ஒரு கதை கட்டினாள். ஒரு கரடி முடிவெட்டப் போகிறது. கடைக்காரர் வெட்ட வெட்டக் கரடி சின்னதாகிக்கொண்டே போகிறது. கடைசியில் பார்த்தால் அத்தனையும் முடி. உள்ளே இருந்தது ஒரு எலியளவு கரடி. பொடிசு சிரித்த சிரிப்பில் காய்ச்சல் ஒரு டிகிரி இறங்கியது. பெரியவள் அதை எழுதினாள். முதல் தடவை எழுதியதில் 'கரடியை நன்றாகக் குலுக்கிய பிறகு உட்கார வைக்கவும்' என்று ஒரு வரி வந்துவிட்டது, பழக்கதோஷம். அடித்துத் திருத்தி, இருபத்து நாலு பக்கம், பக்கத்துக்கு இரண்டு வரி என்று சுருக்கி, குழந்தைகள் புத்தகம் போடும் பதிப்பாளரிடம் கொண்டுபோனாள்.

அந்தப் பதிப்பாளர் ஒரு பெண்மணி. மூக்குக்கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, அதை வீடெல்லாம் தேடுகிற ரகம். படித்துவிட்டுச் சிரித்தார். "படம் யார் போடறது?" என்று கேட்டார்.

வேலியில் போன ஓணானை வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை தெரியுமல்லவா? பெரியவள் சொன்னாள்: "எங்க வீட்லயே ஒருத்தி இருக்கா. சும்மா கிறுக்கிட்டு இருப்பா."

சின்னவள் ஒரு பல் டாக்டர் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கும் மேஜையில் உட்கார்ந்திருந்தாள். பல்வலியோடு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் சீட்டின் ஓரத்தில் ஏதாவது வரைந்து கொடுப்பாள். தாடை வீங்கிய முதலை, பல்லைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தூங்கும் பூனை, இப்படி. வலியோடு வந்தவர்கள் சீட்டைத் திருப்பித் தராமல் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார்கள்; டாக்டர் வரிசை எண் தெரியாமல் திண்டாடினார்.

மூன்று மாதம் வேலை நடந்தது. மாடியில் சின்னவள் சுவரில் இருபத்து நாலு கட்டம் போட்ட தாள்களை ஒட்டி, ஒவ்வொன்றாக நிறைத்தாள். பெரியவள் மேலே போய்ப் பார்க்கவில்லை. 'வார்த்தை என்னுடையது, அதற்குத் துணைக்குத்தானே படம்' என்ற இறுமாப்பு.

புத்தகம் வந்தது. அட்டையில் 'கதை' என்று அவள் பெயரும் 'படம்' என்று இவள் பெயரும். பெரியவள் ஸ்கேல் வைத்து எழுத்தின் உயரத்தை அளந்தாள். இரண்டும் ஒரே உயரம். சரி என்று விட்டாள். அளந்த கையோடு அட்டையைத் திறந்து உள்ளே ஒழுங்காகப் பார்த்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

அந்தச் சனிக்கிழமை காலை நூலகத்தில் குழந்தைகளுக்குப் படித்துக் காட்ட ஏற்பாடு. முப்பது குழந்தைகள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள், பொடிசு முதல் வரிசையில். சின்னவள் ஆஸ்பத்திரிக்கு லீவு போட்டுவிட்டு, பின்னால் அலமாரிக்குப் பக்கத்தில் நின்றாள். பெரியவள் தொண்டையைச் சரிசெய்துகொண்டு புத்தகத்தை விரித்துப் பிடித்து, "கரடி நாற்காலியில் ஏறி உட்கார்ந்தது. நாற்காலி அழுதது" என்று படித்தாள். அந்த 'நாற்காலி அழுதது' என்ற இரண்டு வார்த்தைக்குப் பதினொரு நாள் செலவாகியிருந்தது. சிரிப்புக்காக நிறுத்தினாள்.

"கோழி ஏன் பேப்பரைத் தலைகீழா வெச்சிருக்கு?" என்றது ஒரு குழந்தை.

பெரியவளுக்குப் புரியவில்லை. புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தாள். முடிவெட்டும் கடையின் மூலையில், காத்திருப்பவர்களுக்கான பெஞ்சில், ஒரு கோழி கால் மேல் கால் போட்டு உட்கார்ந்து செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்திருந்தது. அவள் எழுதிய இருபத்து நாலு பக்கத்தில் கோழி என்ற வார்த்தையே கிடையாது.

"அதுக்குப் படிக்கத் தெரியாது," என்றாள்.

"எனக்கும்தான் தெரியாது. நான் நேராத்தானே பிடிப்பேன்."

"கதை கரடியைப் பத்திம்மா. கரடி என்ன பண்ணுதுன்னு பாரு."

"கரடி சும்மா உக்காந்திருக்கு. கோழிதான் ஏதோ பண்ணுது."

அதற்குப் பிறகு அவள் படித்தது அவளுக்கே கேட்கவில்லை. பக்கம் திருப்பினால் முப்பது விரல்கள் மூலைக்குப் பாய்ந்தன. கோழி தன் கொண்டையைச் சீப்பால் வாரியது. பொறுமை இழந்து கடிகாரத்தைப் பார்த்தது. தூங்கியது. தூக்கத்தில் ஒரு முட்டை போட்டுவிட்டு, யாரும் பார்க்கவில்லையே என்று விழித்தது. கடைசிப் பக்கத்தில் எலியளவு கரடி வெளியே போக, கோழி அந்த முடியை எல்லாம் மூட்டை கட்டிக் கூடு கட்ட எடுத்துக்கொண்டு போனது. குழந்தைகள் பாயில் உருண்டார்கள். நூலகர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பொடிசு எழுந்து நின்று, அலமாரிப் பக்கம் கையை நீட்டி, "அது எங்க சித்தி கோழி," என்று முப்பது பேருக்கும் அறிவித்தாள்.

சித்தி கோழி. அம்மா கரடி என்று சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பொடிசு புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினாள். "சித்தி, கோழி புக்கு சொல்லு." சின்னவள் வார்த்தை ஒன்றைக் கூடப் படிக்காமல், கோழி எப்படிக் கொட்டாவி விடும் என்று மட்டும் செய்து காட்டினாள். மேலே சிரிப்பு. கீழே பெரியவள் நாலு பாத்திரத்தை நாற்பது தடவை கழுவினாள்.

அவள் கணவர் பாவம், ஒன்றும் தெரியாத மனுஷன். "அந்தக் கோழி நல்லா வந்திருக்கு இல்ல?" என்று கேட்டுவிட்டார். அன்றைக்கு அவர் தட்டில் விழுந்த எதிலும் உப்பு இல்லை.

பொறாமைப்பட்டால் காதில் புகை வரும் என்று சும்மா சொல்வார்கள். நான் கண்ணால் பார்த்தேன். கீழ்வீட்டு ஜன்னல் வழியாக இரண்டு கோடாகப் புகை வந்தது. பக்கத்து வீட்டார் பயந்துபோய்த் தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டார்கள். வண்டியில் வந்தவர்கள் அடுப்பைப் பார்த்தார்கள், ஸ்விட்ச் போர்டைப் பார்த்தார்கள், "எங்கேருந்து வருதுன்னே தெரியல" என்று தலையைச் சொறிந்துகொண்டு போனார்கள். காதுப் பக்கம் பார்க்க அவர்களுக்கு யார் சொல்லித் தந்திருக்கிறார்கள்? அந்த வாரம் முழுக்க என் கொடியில் காய்ந்த துணியெல்லாம் ஒரே புகை நாற்றம்.

இரண்டாவது புத்தகத்துக்குப் பெரியவள் முன்னெச்சரிக்கையோடு இருந்தாள். தும்மலை அடக்கி வைத்திருக்கும் யானை ஒன்றைப் பற்றிக் கதை. கையெழுத்துப் பிரதியில் பக்கத்துக்குப் பக்கம், கட்டம் கட்டி, மருந்துத் தாளில் எழுதுகிற அதே கறாரோடு எழுதினாள்: 'எச்சரிக்கை. கோழி சேர்க்கக் கூடாது.'

சின்னவள் படித்துவிட்டுக் கேட்டாள். "அக்கா, கோழி மேல என்ன கோபம்?"

"கோபமா? எனக்கென்ன கோபம்? யானைக் கதையில கோழி எதுக்குன்னுதான்."

"சரிக்கா. வராது."

சொன்ன சொல் தவறவில்லை அவள். இருபத்து நாலு பக்கத்திலும் கோழி இல்லை. ஆனால் ஒரு பக்கத்தில் ஓர் இறகு காற்றில் மிதந்தது. இன்னொன்றில் பாதி குடித்த டீக் கோப்பை, விளிம்பில் அலகு கொத்திய அடையாளம். பிறகு மூன்று விரல் கால்தடங்கள் கதவுக்கு வெளியே போயின. குழந்தைகள் கோழி எந்தப் பக்கம் போயிற்று என்று புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்து உதறிப் பார்த்தார்கள். யானை தும்மியதை யாரும் கவனிக்கவே இல்லை. அதற்கும் 'கோழி புக்கு ரெண்டு' என்றே பெயர் விழுந்தது. பதிப்பாளர் முதல் புத்தகத்தை மறுபடி அச்சிட்டபோது, அட்டையில் இருந்த கரடியை எடுத்துவிட்டுக் கோழியைப் போட்டார்.

பெரியவள் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. எட்டாம் நாள் எங்கள் தெருவில் மின்சாரம் போனது. நான் மெழுகுவத்தி தேடிக்கொண்டிருந்தேன். எதிர் வீட்டிலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. அது நல்ல சிரிப்பு இல்லை.

மறுநாளே பெரியவள் பதிப்பாளர் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"இருபத்து நாலு பக்கமும் கறுப்பா?" என்றார் பதிப்பாளர், கழுத்தில் தொங்கிய கண்ணாடியை மேஜை மேல் தேடிக்கொண்டே.

"ஆமா. முதல் வரியிலேயே கரன்ட் போயிடுது. கதை முழுக்க இருட்டு. கறுப்புப் பக்கத்துல வெள்ளை எழுத்து மட்டும்."

"கடைசியில கரன்ட் வருமில்ல?"

"வராது." வந்தால் கூடவே கோழியும் வரும் என்பது அவளுக்குத் தெரியும்.

"அட்டை?"

"அட்டையும் கறுப்பு."

பதிப்பாளர் நாற்காலியில் சாய்ந்து யோசித்தார். "இப்படி யாரும் பண்ணதில்ல. போட்டுப் பாப்போம்," என்றார்.

எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன். கோழிக்குப் பயந்து கரன்டைப் பிடுங்கினவள் இவள் ஒருத்திதான்.

படியேறிப் போய்ச் சின்னவளிடம் சேதியைச் சொன்னாள், வார்த்தைக்கு வார்த்தை தேன் தடவி. "ரெண்டு புக்குக்கும் எவ்வளவு கஷ்டப்பட்டுட்டே. இந்தத் தடவை நீ ரெஸ்ட் எடுத்துக்கோம்மா."

சின்னவள் கையிலிருந்த பிரஷ்ஷைத் தண்ணீரில் ஆட்டிக்கொண்டே இருந்தாள். "எங்கேயாவது ஒரு சின்னக் கண்ணு மட்டும் போடட்டுமாக்கா? இருட்டுல மினுக்குற மாதிரி."

"இருட்டுல கண்ணு தெரியாதும்மா."

"பூனைக்குத் தெரியுமே."

"கோழிக்குத் தெரியாதுல்ல," என்றாள் பெரியவள். தண்ணீர் மட்டும் சாம்பல் நிறமாகிக்கொண்டிருந்தது.

மூன்றாவது புத்தகம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் வீட்டுக்கு வந்தது. பளபளக்கும் கறுப்பு. 'கதை' என்று ஒரே ஒரு பெயர். ஸ்கேல் தேவைப்படவில்லை. பெரியவள் பொடிசைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, கணவரை ரேடியோவை நிறுத்தச் சொல்லிவிட்டு, படிக்கத் தொடங்கினாள்.

"கரன்ட் போச்சு. நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். நாற்காலி 'ஐயோ' என்றது. மன்னிக்கவும் மாமா என்றேன்."

பொடிசு பக்கத்தைப் பார்த்தாள். பார்க்க ஒன்றும் இல்லை. ஆகவே தலையைத் தூக்கி அம்மாவின் வாயைப் பார்த்தாள். பெரியவளுக்கு உடம்பு சிலிர்த்தது. மாமாவுக்கு ஒரு குரல், கதவுக்கு ஒரு குரல், இருட்டில் கவிழ்ந்த வாளிக்கு ஒரு குரல் என்று தனக்குள் இருந்த அத்தனை குரலையும் எடுத்துவிட்டாள். பொடிசு சிரித்தாள். கணவர் கூடச் சிரித்தார். ஒன்பதாம் பக்கம் வந்தது.

"ஏதோ ஒன்று என் மடியில் ஏறியது. மெத்தென்று இருந்தது. கொஞ்சம் சூடாகவும் இருந்தது. 'யாரு?' என்று கேட்டேன். அது மூச்சு மட்டும் விட்டது."

எழுதும்போது அவள் மனத்தில் இருந்தது ஒரு பூனை. பொடிசு கறுப்புப் பக்கத்தின் மூலையில் விரலை வைத்தாள்.

"கோழி."

"எங்கடி கோழி?"

"இங்கதாம்மா. பெஞ்சுல உக்காந்திருக்கு. இருட்டா இருக்குல்ல, அதான் உனக்குத் தெரியல." அடுத்த பக்கத்தைத் தானே புரட்டினாள். "இப்ப இந்தப் பக்கம் வந்துடுச்சு. ஷ்ஷ்."

பெரியவள் புத்தகத்தைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு, மூன்று மூன்று படியாகத் தாண்டி மேலே போனாள். தாவணி போட்ட காலத்துக்குப் பிறகு அவள் அப்படி ஓடினதில்லை.

"வரைஞ்சிருக்கே," என்றாள் வாசலிலிருந்தே.

"என்னதுக்கா?"

"கறுப்பு மேல கறுப்பா வரைஞ்சிருக்கே. அச்சாபீஸ்ல போய்க் கெஞ்சிக் கேட்டு உள்ள விட்டிருக்கே. குழந்தை கண்ணுக்குத் தெரியுது."

சின்னவள் ஜன்னல் திரையை விலக்கினாள். பெரியவள் ஒன்பதாம் பக்கத்தை வெயிலில் சாய்த்துப் பார்த்தாள். டார்ச் வாங்கி அடித்துப் பார்த்தாள். விரலால் தடவிப் பார்த்தாள், நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். எதிர் ஜன்னலில் நான் நின்றதைக் கூடக் கவனிக்கவில்லை. கறுப்பு கறுப்பாகவே இருந்தது.

"நான் பிரஷ்ஷையே தொடல. தொட விட்டீங்களா நீங்க?" என்றாள் சின்னவள். பிறகு, "என்ன எழுதியிருக்கீங்க அந்தப் பக்கத்துல? படிங்க," என்றாள்.

பெரியவள் கோபக் குரலில் படித்தாள். மெத்தென்று இருந்தது. கொஞ்சம் சூடாகவும் இருந்தது. சின்னவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். படித்து முடித்த பிறகும் கண்ணைத் திறக்கவில்லை.

"இருக்குக்கா."

"எது?"

"கோழிதான். மூலையில உக்காந்திருக்கு. நான் வரைஞ்சதைவிடக் குண்டா இருக்கு. கழுத்து இன்னும் நல்லா வந்திருக்கு." கண்ணைத் திறந்தாள். அதில் தண்ணீர் இருந்தது, அன்பினால் வந்த தண்ணீர் என்று நினைத்துவிடாதீர்கள். "அந்தக் கழுத்துக்கு நான் அம்பது காகிதம் கிழிச்சுப் போட்டிருக்கேன். கடைசி வரைக்கும் சரியா வரல. நீங்க ரெண்டே வரியில, கோழின்னு ஒரு வார்த்தை கூடப் போடாம, என் கோழியைத் தூக்கிட்டுப் போயிட்டீங்க. எனக்கு எப்படி இருக்கும்?"

"எப்படி இருக்கு?" என்றாள் பெரியவள். ஒரு அடி முன்னால் வந்திருந்தாள்.

"வயிறு எரியுது."

"என்னது? காது சரியாக் கேக்கல."

"வயிறு எரியுதுன்னு சொன்னேன்க்கா."

பதின்மூன்று வருஷம் எழுதினவளுக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. அவள் அதை இன்னொரு தடவை கேட்டு வாங்கியிருப்பாள். அதற்குள் பொடிசு படியேறி வந்துவிட்டாள். சின்னவள் சட்டென்று புத்தகத்தை எடுத்துக்கொண்டு, "வா, சித்தி படிக்கறேன்," என்றாள். படித்தாள். கொட்டாவிக்குப் பேர்போன அவள் வாயில் வார்த்தைகள் ரயில்வே அறிவிப்பு மாதிரி வந்தன. பொடிசு மரியாதைக்கு இரண்டு பக்கம் கேட்டாள்.

"சித்தி, நீ படிச்சா கோழி வர மாட்டேங்குது. அம்மாவே படிக்கட்டும்."

பெரியவள் முகத்தைச் சிரமப்பட்டு அடக்கமாக வைத்துக்கொண்டாள். "குழந்தை ஏதோ சொல்லுது. மனசுல வெச்சுக்காதேம்மா," என்று ஆறுதல் சொன்னாள். கீழே போனவள் கால்மணி நேரத்தில் ஒரு காலி டப்பாவைத் திருப்பிக் கொடுக்கும் சாக்கில் மேலே வந்து அதே ஆறுதலைச் சொன்னாள். பிறகு துணிக் கிளிப் இரவல் கேட்க வந்து சொன்னாள். நாலாவது தடவை சாக்கு எதுவும் இல்லாமலேயே வந்தாள்.

அன்று சாயங்காலம் புகை மாடி ஜன்னலிலிருந்து வந்தது. நான் முன்கூட்டியே துணியை எடுத்துவிட்டேன்.

சின்னவள் சும்மா இருப்பாளா? அடுத்த மழைக்காலத்தில் அவளும் பதிப்பாளரைப் போய்ப் பார்த்தாள். இருபத்து நாலு பக்கம், பக்கம் முழுக்க வர்ணம், ஒரு எழுத்து கிடையாது. கோழி கடல் தாண்டிப் போய்த் தன் முட்டையைத் தேடுகிற புத்தகம். அட்டையில் 'படம்' என்று ஒரே பெயர். இந்தத் தடவை கழுத்து சரியாக வந்திருந்தது. அதைக் கொண்டுவந்து கீழ்வீட்டு மேஜை மேல், பெரியவள் கண்ணில் படும்படி, பட்டும் படாமல் வைத்தாள். "எழுத்து எதுக்குன்னு விட்டுட்டேன்க்கா. நீங்க ரெஸ்ட் எடுத்துக்கோங்க."

பெரியவள் புரட்டிப் பார்த்தாள். ஒரு 'அ' கூட இல்லை. அவள் காதோரம் சிவக்கத் தொடங்கியது. சின்னவள் படிக்கட்டின் முதல் படியில் கால் வைத்தபடி திரும்பி நின்றாள், அந்தச் சிவப்பை முழுசாகப் பார்த்துவிட்டுப் போகலாமென்று.

அப்போது பொடிசு எங்கிருந்தோ ஓடி வந்து அம்மாவின் மடியில் ஏறினாள். புத்தகத்தை இழுத்து முதல் பக்கத்தில் வைத்தாள். அம்மாவின் முகவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"படிம்மா," என்றாள்.

பெரியவள் படிக்க ஆரம்பித்தாள். சின்னவள் கால் படியிலேயே நின்றது. நான் போய்க் கொடியில் இருந்த துணியை எடுத்துவிட்டு என் ஜன்னலைச் சாத்தினேன்.